சாமி பெயரைத்தான் கேட்டார்கள்

கீறிய மிளகாய் காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் எழுகிற நெடியில் எங்கள் லயத்தின் பன்னிரண்டு வீடுகளும் ஒன்றாகத் தும்மும். ஒரே தகரக் கூரையின் கீழ் பலகை வைத்துத் தடுத்துத் தடுத்துக் கட்டிய வீடுகளைத்தான் தோட்டத்தில் லயம் என்போம். அங்கே ஒருவர் வீட்டுச் சட்டி காய்ந்தால் பன்னிரண்டு வீட்டு மூக்குக்கும் செய்தி போய்விடும். நெத்திலிக் கருவாட்டோடு அம்மா வதக்குகிற அந்த மிளகாய்க்கு ஊர் உலகமெல்லாம் வழங்குகிற ஒரு தமிழ்ப் பெயர் உண்டு. அம்மா வாயிலிருந்து மட்டும் அது வராது. "ஈஜாவ் மொளகா" என்பார். இலையின் நிறத்துக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் சொல் ஈஜாவ்.

காரணம், அப்பாவின் பெயர் பச்சையப்பன். புருஷன் பெயரை வாயால் சொல்வது அந்தக் காலத்துத் தோட்டத்துப் பெண்களுக்கு ஆகாத காரியம். "பேரச் சொன்னா அவங்க ஆயுசு கொறையும்லா" என்று அம்மா என்னிடம் ஒருமுறை சொன்னார். மற்றப் பெண்கள் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். அம்மாவோ பெயரின் பாதியைக்கூட நாக்கில் சேர்க்கமாட்டார். பச்சைத் தண்ணீர் எங்கள் வீட்டில் "காய்ச்சாத தண்ணி", பச்சரிசி "பொங்கலரிசி", பச்சைப்பிள்ளை "பால்குடிப் புள்ள". சாமான் வண்டி வரும்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் வேண்டுமென்றே பயற்று மூட்டையைக் காட்டி, "அஞ்சல, இந்தப் பயறு பேரு என்னடி?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அம்மா முகம் சிவக்க, "கஞ்சிப் பயறு" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். இந்த அகராதியை வைத்துத்தான் நான் பேசவே கற்றுக்கொண்டேன். ஒன்றாம் வகுப்பில் ஆசிரியை இலையின் நிறம் என்ன என்று கேட்டபோது ஈஜாவ் என்று எழுந்து நின்று சொல்லி, வகுப்பே சிரிக்க, ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் விழித்தவள் நான்.

ஆயர் தாவார் பக்கம், பெரிய ரோட்டை விட்டுச் செம்மண் பாதையில் இறங்கி அரை மணி நேரம் நடந்தால் வரும் ரப்பர்த் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று பழக்கத்தில் சொல்கிறேன். அங்கே ஒரு பிடி மண்கூட எங்களுடையதில்லை. அப்பா அங்கே நல்ல பால்வெட்டுக்காரர் என்று பெயர் எடுத்தவர். பட்டை நோகாமல், கத்தி மரத்துக்குள் இறங்காமல், நூல் பிடித்ததுபோல் கோடு இழுப்பாராம். எனக்கு நான்கு வயதிருக்கும்போது அவருக்கு ஏதோ ஆகிவிட்டது. ஒரே மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், பட்டை தாண்டி வெள்ளை எலும்பு தெரியும்வரை வெட்டினார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்றார். ஒரு காலை தன் அடையாள அட்டையை எடுத்து, படத்தில் இருக்கிறவன் தான் இல்லை என்று சொல்லி அடுப்பில் போட்டுவிட்டார். அன்றைக்கே தோட்டத்து லாரியில் அவரை ஏற்றித் தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கொண்டுபோனார்கள்.

பேராக் மாநிலத்தில் பிறந்தவர்களுக்கு அந்த ஊரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மனநோய் மருத்துவமனை அங்கே இருப்பதால் ஊர்ப் பெயரே வசவாகிவிட்டது. பிள்ளைகள் சண்டை போட்டால் "போடி, தஞ்சோங் கேஸு" என்பார்கள். அதனால்தான் அம்மா எனக்கு ஒரு சட்டம் போட்டார். "அப்பாவப் பத்தி வெளியாளு யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. பேரக் கேட்டாக்கூட தெரியாதுன்னு சொல்லிரு." பெயரைச் சொல்வதால் என்ன கெட்டுப்போகும் என்று நான் கேட்கவில்லை. அம்மாவே சொல்லாத பெயர்தானே, நான் சொல்லாமலிருப்பதில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஆனால் அம்மா பயந்தது ஊர் வாய்க்கு மட்டுமில்லை, வீட்டுக்காகவும்தான். லயத்து வீடு கம்பெனியுடையது. ஆட்களின் பெயர்ப் பதிவேட்டை "செக்ரோல்" என்போம். அதில் எந்த ஆணின் பெயர் இருக்கிறதோ அவனுக்குத்தான் வீடு. பெயரை அடித்துவிட்டால் ஒரு மாதத்தில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அப்பாவின் மரங்களில் பாதியை அம்மாதான் வெட்டிவந்தார். ஆனால் அது வேலை என்று எங்கும் எழுதப்படவில்லை. "புருசனுக்குக் கை ஒத்தாச" என்பதுதான் அதற்குப் பெயர். தங்கள் பெயரிலேயே பதிந்து வேலை செய்த பெண்களும் தோட்டத்தில் இருந்தார்கள். அம்மாவின் நேரம், கம்பெனி அப்போது புதுப் பெயர் எழுதுவதை நிறுத்தியிருந்தது. புதிதாக வருகிறவர்கள் குத்தகைக்காரரிடம் கூலிக்குப் போகலாம், வீடு கிடையாது.

இந்த இடத்தில் தங்கையா கிராணியைச் சொல்ல வேண்டும். தோட்டத்து அலுவலகக் குமாஸ்தாவைத்தான் கிராணி என்போம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக இருப்பார். அவர் கெட்டவர் இல்லை. அவர்தான் அந்த வழியைக் காட்டினார். "இந்தத் தோட்டத்துல பொம்பள பேருக்கு வீடு எழுதுனதா சரித்திரமே இல்ல, தாயி. அவன் பேரு இருந்தபடியே இருக்கட்டும். நீ வந்து வெட்டு. தொர எங்க வந்து மூஞ்சியப் பாக்கப்போறாரு?" என்றார். நல்ல கை ஒன்றை இழக்காமலிருப்பதில் அவருக்கும் லாபம் இருந்தது, ஒரு பெண்ணையும் பிள்ளையையும் தெருவில் விடாத புண்ணியமும் இருந்தது. இரண்டையும் ஒரே கையெழுத்தில் முடித்தார்.

அப்படித்தான் என் அம்மா பச்சையப்பன் ஆனார். இருட்டு பிரியும் முன்பே ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அதற்குப் "பெரட்டு" என்று பெயர். என்னைப் பிள்ளைக்கொட்டகையில் விடும் வழியில் அம்மா அந்த வரிசையில் நிற்பார், நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு நிற்பேன். மற்றவர்கள் பெயரைக் கேட்டதும் "ஐயா" என்று குரல் கொடுப்பார்கள். "பச்சையப்பன்" என்று கிராணி கூப்பிட்டதும் அம்மா குரல் கொடுக்கமாட்டார். தலையைக் குனிந்துகொண்டு பால் வாளியைக் கத்திப் பிடியால் ஒரு தட்டுத் தட்டுவார். முதல் சில நாள் ஆண்கள் சிரித்தார்கள். பிறகு அதுவும் பழகிப்போய், வாளிச் சத்தம் கேட்டால் அடுத்த பெயருக்குப் போனார்கள். கணவன் பெயரைச் சொல்லக்கூடாது என்று இருந்தவர் ஆறு வருஷம் அந்தப் பெயருக்குள்ளேயே குடியிருந்தார்.

துரை என்கிற மேலாளர் எப்போதாவது ஜீப்பில் வரும்போது அம்மாவைத் தூரத்து மரங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். வருஷக் கடைசியில் நன்றாகப் பால் எடுத்தவர்களுக்கு ஒரு துண்டும் பிஸ்கட் டின்னும் கொடுப்பார்கள். இரண்டு முறை அது பச்சையப்பனுக்குக் கிடைத்தது. ஆண்கள் தோளில் போடும் நீலக் கட்டம் போட்ட துண்டு. அம்மா அதை மடித்துவைத்து, தஞ்சோங்கில் அப்பாவைப் பார்க்கப் போனபோது கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் பெயருக்கு வந்தது அவரிடம்தானே போக வேண்டும் என்று நினைத்திருப்பார்.

அந்தப் பயணங்கள் எனக்குத் திருவிழா. ஆயர் தாவாரில் பஸ் ஏறி, ஈப்போவில் இறங்கி, அங்கே இன்னொரு பஸ் பிடித்துப் போவோம். மருத்துவமனையின் பெரிய மரங்களுக்குக் கீழே ஒரு பெஞ்சில் அப்பா சுத்தமான உடையில் உட்கார்ந்திருப்பார். அம்மாவிடம் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்பார்: "என் மரமெல்லாம் யாரு வெட்டுறா?" அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆளு இருக்கு" என்பார். அந்த ஆள் யார் என்று அவர் கேட்டதில்லை. எனக்குத் துண்டின் நூலைப் பிரித்துப் பூனை வால் செய்து கொடுப்பார்.

நான் நான்காம் வகுப்புப் போகும்போது தோட்டத்தை விற்றுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ரப்பரை அழித்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை போடப்போகிறார்கள், பாதி நிலத்தில் வீட்டுமனைகள் வரும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாரும் ஒப்பாரி வைக்காத குறைதான். அதற்கு நடுவே ஒரு நல்ல செய்தியும் வந்தது. செக்ரோலில் பெயரும் லயத்தில் வீடும் உள்ள குடும்பங்களுக்கு, ரோட்டோரமாகச் சின்னச் சின்னதாக வீடு கட்டி மண்ணோடு கொடுக்கப்போகிறார்கள். மண்ணோடு என்ற அந்தச் சொல்லை அம்மா ஒரு வாரம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். முருங்கை எங்கே, கறிவேப்பிலை எங்கே, கோழிக்கூண்டு எந்தப் பக்கம் என்று அடுப்பங்கரியால் தரையில் கோடு போட்டு எனக்குக் காட்டினார். அப்பாவுக்குச் சரியாகித் திரும்பினால் உட்கார வாசலில் ஒரு பலகை, அதையும் வரைந்தார்.

அந்த ஆசையைப் புரிந்துகொள்ள எங்கள் வேலியைத் தெரிந்துகொள்ள வேண்டும். முள்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர்களின் கிராமம், கம்பம் என்போம். அவர்களும் ஏழைகள்தான், அந்த வீட்டுப் பிள்ளைகளும் என்னைப்போல் வெறுங்காலோடுதான் ஓடினார்கள். ஆனால் கிராமத்துக்கு என்று அரசாங்கம் போட்ட தண்ணீர்க் குழாய் அவர்கள் வாசல்வரை வந்தது, மின்கம்பம் வந்தது, நிலம் கொடுக்கும் திட்டங்கள் வந்து பெயர் கேட்டன. எல்லாம் எங்கள் வேலியோடு நின்றன. தோட்டம் தனியார் நிலம், அதற்குள் நடப்பது கம்பெனி பாடு என்று சொல்லிவிட்டார்கள். நாட்டின் கணக்கில் நாங்கள் கிராமத்தில் இருப்பவர்களும் இல்லை, பட்டணத்தில் இருப்பவர்களும் இல்லை. கம்பத்தார் மேல் எனக்கு இன்றும் கோபமில்லை. ஏழைகளை இனம் பார்த்துப் பிரித்து, ஒரு வேலியின் இரண்டு பக்கமும் நிற்கவைத்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் குழாயைத் திறந்துவிட்டவர்கள் மேல்தான் கோபம். வேலிக்குள்ளேயே இன்னொரு வேலியும் இருந்தது, அது ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் போட்டது. அதைப் போட்டவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு.

பெயர் சரிபார்க்கும் நாள் வந்தது. பெரட்டுக்கு நிற்கும் கொட்டகையில் மேசை போட்டு, கோலாலம்பூரிலிருந்து வந்த புதுக் கம்பெனி அலுவலர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இளம் சீனப் பெண். வெயிலில் முகம் சிவந்துபோய், விசிறிக்கொண்டே எழுதினார். பக்கத்தில் தங்கையா கிராணி நின்றார். ஆண்கள் தாங்களே போய் அடையாள அட்டையை நீட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். அப்பா "காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்" என்று கிராணி முன்னாலேயே சொல்லிவைத்திருந்தார். மனைவி வந்து விவரம் சொன்னால் போதும் என்றார்கள். அம்மா கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு போய் மேசை முன் நின்றார்.

அந்தப் பெண் படிவத்தைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூட மலாயில் கேட்டார்: "நாமா சுவாமி?"

அம்மாவுக்கு மலாய் தெரியும். ஆனால் அது சந்தை மலாய், கடையில் மீன் விலை கேட்கிற மலாய். அதில் புருஷனுக்கு "லாக்கி" என்றுதான் சொல்வார்கள். படித்தவர்கள் எழுதுகிற மலாயில் கணவனைச் சுவாமி என்பார்கள் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நம்மிடமிருந்து போன சொல்தான் அது. போன இடத்தில் அது கணவனாகிவிட்டது, எங்கள் லயத்தில் அது சாமியாகவே இருந்தது. அதுவும் அந்த மாதம் முழுக்கத் தோட்டத்தில் கோயில் பேச்சுத்தான். காட்டோரத்தில் இருந்த காவல் தெய்வத்தை எடுத்து எங்கே வைப்பது என்று கம்பெனி கேட்டதாகப் பேசிக்கொண்டார்கள். ஆகவே சாமி பெயரைத்தான் கேட்கிறார்கள் என்று அம்மா நம்பியதில் ஒரு தப்பும் இல்லை. இவ்வளவு பெரிய கம்பெனி எங்கள் குலசாமியை மரியாதையாக விசாரிக்கிறதே என்று அவர் முகம்கூட மலர்ந்தது. இரண்டு கையையும் குவித்து, பக்தியோடு சொன்னார்:

"முனியாண்டி."

அலுவலர் எழுதிக்கொண்டார். வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். முனியாண்டி என்று மனிதர்களுக்கும் பெயர் உண்டே. படிவத்தில் அது ஒரு புருஷனாகவே உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெண் செக்ரோலைப் புரட்டி, விரலால் கோடு பிடித்துப் பார்த்து, நெற்றியைச் சுருக்கினார். இந்த வீட்டு எண்ணில் வேலை செய்பவர் பெயர் வேறாக இருக்கிறதே என்றார். "பச்சையப்பன் சியாப்பா?" என்று கேட்டார். பச்சையப்பன் யார் என்று கேள்வி.

ஆறு வருஷமாக அந்தப் பெயருக்கு வாளியைத் தட்டிய கை அன்று வெறுங்கையாக இருந்தது. அம்மாவுக்குப் பழக்கதோஷம். புருஷன் பெயரை வேற்றாள் நடு வெளியில் சத்தமாகச் சொன்னதும் வெட்கம் வந்து தலை குனிந்துவிட்டது. முந்தானை வாய்க்குப் போனது. நீ சொல்லு என்று என் தோளை மெல்ல அழுத்தினார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, அன்பாகத்தான் கேட்டார், பச்சையப்பன் யார், உன் அப்பாவா என்று. அவர் வெளியாள். அப்பாவைப் பற்றிக் கேட்கிறார். பேரைக் கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்கு நன்றாகப் பாடமாகியிருந்தது. அம்மா தோளை அழுத்தியதைக்கூட, ஜாக்கிரதை என்று சொல்வதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

"தா தாவ்" என்றேன். தெரியாது.

அந்தப் பெண் கிராணியைப் பார்த்தார். கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் பச்சையப்பன் யார் என்று தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் ஆறு வருஷக் கதையும் வெளியே வரும், அதில் பாதிப் பேருக்குப் பங்கு இருந்தது. தங்கையா கிராணிக்குப் புதுக் கம்பெனியில் வேலை நிலைக்குமா என்ற கவலை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அன்று எனக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்துகொண்டபோது அந்தச் சொற்கள் எனக்கு நினைவில் இல்லை. அந்தப் பெண் தலையாட்டி ஒரு வரியை எழுதி, அடுத்த வீட்டைக் கூப்பிட்டார். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கொட்டகைத் தூணில் பெயர்ப் பட்டியலை ஒட்டினார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துச் சொன்னேன். மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை படித்தேன். அதற்குப் பிறகு பச்சையப்பன் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். "இல்லம்மா" என்றபோது அம்மா கோபப்படவில்லை. "நல்லாப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்று நான் சொன்னதால்தான் இப்படி ஆனது என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பத்து வயதில் அது புரியாமலிருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா கிராணி வீட்டுப் பின்வாசலில் போய் நின்றார். அவர் கதவைப் பாதி திறந்து, "இப்ப வாயத் தொறந்தா ரெண்டு பேருக்கும் கேஸாயிரும் தாயி. அடுத்தவன் பேருல வேல பாத்தது குத்தம்லா. நான் உள்ள போவேன், நீயும் உள்ள போவ. புள்ளய யாரு பாப்பா?" என்றார். தொழிற்சங்கத்து ஆள் ஒருவர் சைக்கிளில் வந்தார். அவர் நியாயமாகத்தான் பேசினார்: வேலை செய்தவர் பச்சையப்பன் என்றால் அவரைக் கூட்டிவாருங்கள், இல்லையென்றால் அவர் எங்கே என்று கடிதம் வாங்கிவாருங்கள். மருத்துவமனையில் கேட்டதும் கடிதம் கொடுத்தார்கள். இன்னார் ஆறு ஆண்டுகளாக இங்கே சிகிச்சையில் இருக்கிறார் என்று அதில் இருந்தது. அது முழு உண்மை. அந்த உண்மையை மேசையில் வைத்தால், போன வாரம்வரை பால் எடுத்தது யார் என்று கேட்பார்கள். வைக்காவிட்டால் வீடு இல்லை. அம்மாதான் வெட்டினார் என்றால் அம்மா பெயர் எந்தத் தாளிலும் இல்லை. மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியதைப் பதியவுமில்லை, ஆகவே மனைவி என்பதற்கே தாள் இல்லை. தாள்படி பார்த்தால் அந்த மரங்களை யாருமே வெட்டவில்லை. அந்தப் பாலெல்லாம் தானாக வாளியில் வந்து விழுந்திருக்கிறது.

கடிதத்தை அம்மா அரிசி டின்னில் போட்டு மூடிவிட்டார். மற்றவர்கள் ரோட்டோர வீடுகளுக்குப் போனார்கள். நாங்கள் புந்தோங்குக்கு வந்தோம், ஈப்போவில் தோட்டத்து ஆட்கள் வந்து விழுகிற இடம் அதுதான். ஒரு கடைக்கு மேலே, ஜன்னல் இல்லாத ஓர் அறை. தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்திய சாப்பாட்டுக் கடையில் அம்மா பாத்திரம் கழுவப் போனார். பாய் தங்கமான மனிதர். எனக்குத் தினம் ரொட்டி சானாய் மடித்துக் கொடுத்தனுப்புவார், நோன்புப் பெருநாளுக்குத் துணி எடுத்துக் கொடுப்பார். சேமநிதியில் அம்மா பெயரைப் போடலாமா என்று, நான் இடைநிலைப்பள்ளி படிக்கும்போது அவரிடம் போய்க் கேட்டேன். "பேரெல்லாம் எதுக்கும்மா? அக்கா நம்ம குடும்பத்து ஆளு மாதிரி" என்று சிரித்தார். குடும்பத்து ஆள் என்றால் பெயர் எழுத வேண்டாம் என்பதை அம்மா முன்பே பார்த்திருந்தார். பத்தொன்பது வருஷம் அங்கே அவர் கை தண்ணீரில் ஊறியது, அதற்கும் தாள் கிடையாது.

நான் படித்தேன். ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். நாள் முழுக்கப் படிவம் நிரப்புவதுதான் என் பிழைப்பு, இதைவிட ஒரு கேலி எனக்குத் தேவையில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில், நம் சமூகம் ஏன் பின்தங்கியது என்று ஒரு பெரிய மனிதர் பேசினார். குடி, சினிமா, சேமிக்கத் தெரியாமை என்று அடுக்கினார். பேச்சு முடிந்து தேநீர் குடிக்கும்போது அம்மாவின் கதையைச் சொன்னேன். அவர் வருத்தமாகத் தலையை ஆட்டி, "பாருங்க, புருசன் பேரச் சொல்லமாட்டேன்ற மூடப் பழக்கத்துல ஒரு வீடே போச்சு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பழக்கம் மூடத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பெண்ணின் உழைப்புக்கு வீடு வாங்க ஓர் ஆணின் பெயர் வேண்டும் என்று சட்டம் போட்டவர்கள் படித்தவர்கள். அவளுக்குத் தெரியாத மொழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டு, ஒரே பதிலை எழுதிக்கொண்டு, திருத்த இடம் வைக்காத படிவத்தைச் செய்தவர்கள் அதைவிடப் படித்தவர்கள். அவர்களை யாரும் மூடர்கள் என்று சொல்வதில்லை. இதை அவரிடம் சொல்லாமல் தேநீரை வைத்துவிட்டு வந்தேன்.

போன வருஷம் அந்தத் தோட்டத்துக்குப் போய்வந்தேன். லயம் இல்லை, கொட்டகை இல்லை, பிள்ளைக்கொட்டகை நின்ற இடத்தில் உர மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். ரப்பர் மரம் பேருக்கு ஒன்றுகூட இல்லை. வேலி இருந்த இடமே தெரியாமல் செம்பனை நிற்கிறது. தகரக் கொட்டகைகளில் வேறு நாட்டுப் பையன்கள் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவனிடம் பெயர் கேட்டேன். அவன் முதலாளி இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். அப்பா தஞ்சோங்கிலேயே காலமாகிப் பல வருஷமாகிறது. தங்கையா கிராணியும் போய்விட்டார். என்ன நடந்தது என்று சொல்ல இப்போது நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. முழங்கால் போய்விட்டது. முதியோருக்கான ஓர் உதவித்தொகைக்கு எழுதிப்போடலாம் என்று போன மாதம் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த மலாய்ப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எழுந்து வந்து குனிந்து, அம்மாவின் கையைத் தொட்டு, மலாய் வணக்கமாகத் தன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். பெயர், வயது, முகவரி எல்லாம் நான் சொன்னேன். முன்பு என்ன வேலை செய்தார் என்று கேட்டார். ஒரு படிவம் என் அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது அதுதான் முதல் தடவை. ரப்பர்த் தோட்டத்தில், கல்யாணமானதிலிருந்து பதினாறு வருஷம் என்று நான் தொடங்குவதற்குள் அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அந்தக் கையில் இவ்வளவு பலம் இருக்கிறதென்று நான் நினைக்கவில்லை.

"தா கெர்ஜா, நாக்" என்று அம்மா அந்தப் பெண்ணிடம் தானே சொன்னார். வேலைக்கெல்லாம் போனதில்லை, மகளே. வீட்டில்தான் இருந்தேன், அவர்தான் வேலைக்குப் போனார் என்று தன் சந்தை மலாயில் நிதானமாக, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொல்லி முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலை இறக்கி, "சும்மா இரு. கேஸாயிரும்" என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். வீட்டைப் பறித்தது எனக்குத் தெரியும், வருஷங்களைப் பறித்தது தெரியும். நாற்பது வருஷமாக என் அம்மா தன்னைத் திருடி என்று நினைத்துக்கொண்டு ஒளிந்திருக்கிறார் என்பது அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. உழைத்ததற்காக ஒளிந்திருக்கிறார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அம்மாவின் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். இல்லத்தரசி என்று தட்டச்சு செய்து தாளை நீட்டினார்கள், அம்மா கட்டைவிரலை மையில் தொட்டு அழுத்தமாக வைத்தார்.

வெளியே வந்து வாடகைக் காரில் ஏற்றி உட்காரவைக்கும்வரை என் கையை விடவில்லை. கதவைச் சாத்தியதும் நீளமாக ஒரு மூச்சு விட்டு, சின்னப் பிள்ளைபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல வேள, தப்பிச்சோம்லா" என்றார்.